அத்தியாயம் 14: நோகாத கை

"அது ஸ்குவாட்டால வந்தது, அக்கா. புதன்கிழமை தோளில நூற்றிப்பத்துக் கிலோ வைச்சு இருந்து எழும்பினனான். தசை களைச்சா ஈரல் இலக்கம் ஏறின மாதிரிக் காட்டும் எண்டு நீதானே ஒருக்காச் சொன்னனீ."

"சொன்னனான். அந்த இலக்கத்தை நான் பெரிசா எடுக்கேல்லை. மற்றதுக்கு என்ன சொல்லுறாய்?"

"எந்த மற்றது?"

"மயூரதன், என்னைப் பார்த்துக் கதை."

அவன் பார்க்கவில்லை. படிக்கட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி, கீழே வீதியைக் கடக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் குடைகளை எண்ணுவதுபோல் நின்றான். பேராதனையில் பகல் மழை அப்போதுதான் பிடித்திருந்தது.

நிரஞ்சலா கைப்பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். நான்காக மடித்த ரத்தச் சோதனைத் தாள் அங்கேயே இருந்தது. அவர்கள் நின்றது அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்படிக்கட்டில். தேநீர் இடைவேளை இருபது நிமிடம். அதில் எட்டு நிமிடம் ஏற்கெனவே போய்விட்டது.

நேற்றுத் தம்பியின் ரத்தத்தை அவளே இயந்திரத்தில் வைத்தாள். வந்த இலக்கத்தை நம்பாமல் இரண்டாம் தரமும் ஓட்டினாள். அதையும் நம்பாமல், மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் எடுத்துச் சுழற்றி, வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணாலேயே பார்த்தாள். சாதாரண ஆணின் ரத்தத்தில் சிவப்பு அடியில் படிந்து குழாயின் பாதிக்குக் கீழேயே நின்றுவிடும். மயூரதனின் குழாயில் அது பாதியைத் தாண்டி, நூற்றுக்கு ஐம்பத்தேழில் நின்றது. கித்துள் மரத்து இனிப்புப் பாணியைப் போலத் தடித்திருந்தது. பதினொரு வருடமாக அந்நியர்களின் ரத்தத்தைப் பார்த்துப் பழகியவள், இந்தத் தாளை மட்டும் மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"தண்ணி குறைச்சனான்" என்றான் மயூரதன். "ஞாயிற்றுக்கிழமை எடை பார்ப்பினம். அதால இறுகியிருக்கும்."

"தண்ணி குறைஞ்சா ரெண்டு மூண்டு ஏறும். இவ்வளவு ஏறாது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தசை ஏத்துற ஹோமோன் ஊசிதானே? எத்தினை மாசமாக் குத்துறாய்?"

மேலே யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அவன் காத்திருந்தான்.

"மூண்டு."

வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, 'இல்லை' என்று அவன் சத்தியம் செய்வான் என்று தான் எவ்வளவு நம்பியிருந்தாள் என்பது.

அவளுக்குத் தெல்தெனிய ஊர்ப் பொடியன் ஒருவன் நினைவுக்கு வந்தான். போன வருடம் ரத்தம் சோதிக்க வந்தவன், இருபத்தாறு வயது. சட்டைக் கை கிழியுமாப்போல் புயம். இதே மாதிரி இலக்கம். வைத்தியரிடம் உடனே போகச் சொன்னதற்குச் சிரித்துவிட்டுப் போனான். இரண்டு மாதம் கழித்து அவனுடைய தாய் தனியாக வந்து, பழைய தாள்களின் பிரதி கேட்டாள். மகனுக்கு வலப்பக்கம் முழுக்க இழுத்துவிட்டது, பேச்சும் இல்லை, ஆஸ்பத்திரியில் பழைய ரத்தச் சோதனையைக் கேட்கிறார்கள் என்றாள். பிரதி எடுத்துக் கொடுக்கும்போது அந்தத் தாயின் முகத்தை நிரஞ்சலா பார்க்கவில்லை. பார்க்காத அந்த முகம் இப்போது படிக்கட்டு முழுவதும் இருந்தது.

அதைத் தம்பிக்குச் சொன்னாள். அவன் கேட்டான். கேட்டுவிட்டு, வேறு ஒன்றைச் சொன்னான்.

"நாலு வருசம், அக்கா. கிழமைக்கு மூண்டு நாள், ஒரு நாள் தவறாமல். அரைக் கிலோ, திரும்ப அரைக் கிலோ. முட்டை, பருப்பு, நெத்தலி, ஒன்பது மணிக்குப் படுக்கை. எங்கட ஜிம்முக்கு நபீல் வந்து பதினெட்டு மாசம். வழிநெடுக இனிப்புப் பணிஸ் திண்டுகொண்டு வாறவன். அவன் என்னைத் தாண்டிப் போட்டான்."

"அவன்ரை எலும்பு அப்பிடி."

"ஓம். என்ரை எலும்பு இப்பிடி." அவன் தன் மணிக்கட்டைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் வளைத்துக் காட்டினான். விரல்கள் தாராளமாக ஒன்றையொன்று தொட்டன. அது அம்மாவின் மணிக்கட்டு. காப்பு நிற்காமல் முழங்கை வரை ஓடும் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

"நீயேதான் குத்துறியோ?"

அவன் செருப்பால் படியில் கிடந்த ஈர இலையைத் தள்ளினான். "ஒராள் குத்தி விடுறார்."

"ஆர்?"

"நல்ல கை. நோகிறதே இல்லை."

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. யாரோ ஒரு களவு வைத்தியன், கழுவாத விரல்கள், பூட்டிய அறை என்று அவள் மனம் தன்பாட்டில் ஒரு படத்தை வரைந்துகொண்டது.

பிறகு அவன் கெஞ்சினான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள். மாகாணப் பளுதூக்கும் போட்டி. அது முடிந்தால் தொடமாட்டான், வைத்தியரிடம் வருவான். அதுவரை ஜிம் நடத்துகிற ஷப்ராஸ் நானாவிடம் தாளைக் கொடுக்கக் கூடாது. அப்பாவுக்கு மூச்சும் விடக் கூடாது. "நான் தூக்கிற பாரம் எழுதுற இந்த நோட்டில ஒவ்வொரு பக்கத்திலயும் அப்பான்ரை கையெழுத்துக் கிடக்கு, அக்கா. அவர் என்னெண்டு தாங்குவார்?"

"இண்டையிலிருந்து ஊசி இல்லை. அம்மாவாணை எண்டு சொல்லு."

"அம்மாவாணை."

"ஞாயிறு வரைக்கும் பாப்பம்" என்று அவள் சொன்னாள். சொன்ன வார்த்தை வாயை விட்டுப் போனதும், பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

*

ஷப்ராஸின் உடற்பயிற்சிக் கூடம் அக்குறணைக்குச் சற்று முன்னால், ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து மூன்று மணிக்குத்தான் திறப்பார். சுவரில் பெரிய புயங்காட்டும் படங்கள் எதுவும் இல்லை. ஒரு மணிக்கூடு, ஒரு நிறைகாட்டி, நோட்டுப் புத்தகங்கள் அடுக்கிய பழைய அலுமாரி, அவ்வளவுதான்.

புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் ஒரு நூலை எடுத்து மணிக்கட்டை அளப்பார். "சாதாரண எலும்பு" என்று சொல்லிவிட்டு, தன் மணிக்கட்டையும் அதே நூலால் அளந்து காட்டுவார். சாதாரண எலும்புக்காரருக்குத்தான் இந்த இடம், அவசரக்காரர் டவுனில் வேறு இடம் பார்க்கலாம் என்பார். கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்வித்த கால் கிலோ இரும்புத் தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வேறெங்கும் அவ்வளவு சிறிய தட்டு கிடையாது. பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு வாரம் எல்லாரும் பாரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வருடத்துக்கு ஒரு தரம் ரத்தம் சோதித்தே ஆக வேண்டும். ஊசி போட்டது தெரிந்தால் வெளியே. நோட்டை வீட்டாரின் கையில் கொடுத்து, காரணத்தையும் சொல்லித்தான் அனுப்புவார்.

அந்த இடத்துக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. தூக்குகிறவன் தன் நோட்டைத் தான் எழுதக் கூடாது. பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஆசை இலக்கத்தைக் கூட்டி எழுதும், அதனால்தான் என்பார் ஷப்ராஸ்.

மயூரதனுக்குப் பக்கத்தில் நின்று எழுதுகிறவர் அப்பா. தம்பிராஜா, அறுபத்துநான்கு வயது, ஓய்வுபெற்ற ரயில் கார்ட். அம்மா பத்மாதேவி இறந்த மூன்றாம் மாதம் அவர் குளியலறையில் விழுந்ததும், தானாக எழும்ப முடியாமல் ஒரு பகல் முழுக்க ஈரத் தரையில் கிடந்ததும் இந்தக் குடும்பத்தில் யாரும் இரண்டாம் முறை பேசாத கதை. கிளினிக் வைத்தியரின் கடிதத்தோடு மயூரதன்தான் அவரை இங்கே கூட்டி வந்தான். முதல் மாதம் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பப் பழக்கினார்கள். அடுத்த மாதம் ஒரு மூங்கில் தடி. பிறகு வெறும் கம்பி. இங்கே வந்து இப்போது பதினாலு மாதம்.

அன்று பின்னேரம் நிரஞ்சலா படியேறி வந்தபோது அப்பா கம்பிக்கு முன்னால் நின்றார். வாசலில் கண்ட மகளுக்குத் தலையசைத்தார். பிறகு மூச்சை இழுத்து, இடுப்பை மடித்து, நிலத்தில் கிடந்ததைப் பிடித்து எழும்பினார். அறுபது கிலோ. அவருடைய கழுத்து நரம்பு புடைத்ததை அவள் கண்டாள். முன்பு பெருமையாக இருந்த காட்சி அது. இன்றைக்கு அந்த நரம்புக்குள் என்ன ஓடுகிறது, எவ்வளவு தடிப்பாக ஓடுகிறது என்றுதான் நினைக்க முடிந்தது. காலையில் அழுத்தத்துக்கு ஒரு குளிசை, ரத்தம் உறையாமல் இன்னொன்று. இரண்டையும் அவளே எடுத்துக் கொடுக்கிறவள்.

அவர் கம்பியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். "அறுபது" என்று நபீல் எழுதினான். "அங்கிள், எங்கட உம்மாவ இப்பிடித் தூக்கிருவீங்க" என்றான். உன் உம்மா சம்மதிக்க மாட்டா என்று அப்பா சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள்.

ஷப்ராஸ் அவளை அலுமாரிப் பக்கம் அழைத்தார். தாளைக் கேட்டார்.

"மெஷின் பழுது, நானா" என்றாள் அவள். "நாளைக்குத்தான் வரும்."

பதினொரு வருட வேலையில் ஒரு ரிப்போட்டைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய்.

அவர் அவளை நம்பினாரா என்று தெரியவில்லை. மயூரதனின் இப்போதைய நோட்டை எடுத்து விரித்து, அவள் பக்கம் திருப்பினார். அப்பாவின் எழுத்து. ரயில் வந்த நேரமும் போன நேரமும் முப்பத்தாறு வருடம் எழுதிய, ஒன்றோடொன்று முட்டாத எழுத்து. முதல் பதினொரு மாதமும் இலக்கங்கள் நத்தை போல ஊர்ந்தன. எண்பத்துமூன்று. எண்பத்துமூன்றரை. ஒரு வாரம் குறைப்பு. எண்பத்துநாலு. பிறகு ஆவணிக்கு மேல் அவை பாய்ந்தன. தொண்ணூறு. தொண்ணூற்றெட்டு. நூற்றுநாலு. நூற்றிப்பத்து. குறைப்பு வாரம் ஒன்று கூட இல்லை. ஒவ்வொரு வரியின் கீழும் 'தம்பிராஜா' என்று கையெழுத்து. கடைசி வரிகளில் மட்டும் அந்தக் கையெழுத்துக்குக் கீழே சின்னக் கோடு ஒன்று இழுத்திருந்தார். சந்தோசத்தில் இழுத்த கோடு.

"நான் இருவது வருசமா நோட்டு பாக்குற, சிஸ்டர்" என்றார் ஷப்ராஸ். "முன்னால ஈக்கிறது மயூரதன்ட நோட்டு. இந்தக் கடைசி மூணு மாசம் வேற ஆள்ட நோட்டு. அங்கிள்ட கையெழுத்து இல்லாட்டி நான் எப்பயோ கேட்டீப்பன். அவர் பொய் எழுதுற மனிசன் இல்ல. அதான் எனக்குப் பயம்."

அவர் நோட்டை மூடினார். நாளை பின்னேரம் ஐந்து மணிக்குள் தாள் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் பெயர் போகாது என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு இலேசாக இருந்திருக்கும்.

*

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் இருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. கீழே மகாவலி மழைத் தண்ணீரில் கலங்கி, நிறம் மாறித் தடித்து ஓடியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா மகனைப் பற்றியே பேசினார். நபீலின் தகப்பன் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினாராம். உங்கள் மகனுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாராம். அதற்கு அப்பா, இரண்டு முட்டையும் என் கண்காணிப்பும் என்று சொன்னாராம். சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எதையோ ஒளித்து வைத்த சின்னப் பிள்ளையின் களவு இருந்தது. வேறொரு நாளென்றால் அவள் அதைக் கவனித்துக் கேட்டிருப்பாள்.

இன்றைக்கு அவள் மணித்தியாலங்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மயூரதன் கம்பியின் கீழே நிற்பான். மூச்சை அடக்கி, முகம் சிவந்து, அந்தத் தடித்த ரத்தத்தை ஒரு சின்னக் குழாய்க்குள்ளால் மூளைக்குத் தள்ளுவான். இன்னும் நாற்பத்தொரு மணித்தியாலம். 'ஞாயிறு வரைக்கும்' என்று தான் கொடுத்த வாக்கு எதற்காகக் கொடுத்தது? தம்பியின் நன்மைக்கா, தெல்தெனியத் தாய்க்கு வந்தது தன் வாசலுக்கும் வரட்டும் என்றா? வீட்டுக்குப் போனதும் அப்பாவுக்குச் சொல்லிவிடுவது என்று பாலத்தின் நடுவில் முடிவெடுத்தாள். பாலம் முடிவதற்குள் அப்பா, "எனக்கு இவ்வளவு சந்தோசம் அம்மா போனதுக்குப் பிறகு இப்பதான், பிள்ளை" என்றார். அவளுடைய முடிவு வாய்க்குள்ளேயே கரைந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் குளித்து, திருநீறு பூசி, சாமி விளக்கை ஏற்றினார். அம்மாவின் படத்துக்கும் ஒரு பூ வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான். அவள் குசினிக்குள் புட்டுக்கு மாக் குழைத்தாள். கை குழைத்துக்கொண்டிருந்தது, மனம் வார்த்தை தேடியது. அப்பா, ஒரு விசயம். அப்பா, பதறாதேங்கோ. எந்த வார்த்தையில் தொடங்கினாலும் அது குளியலறைத் தரையில் போய் முடிந்தது.

அறைக்குள் தகரம் ஒன்று திறபடும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. அப்பா, "ஓம்... ஓம் தம்பி... ஏன்?" என்றார். பிறகு, "சரி, உன்ரை விருப்பம்" என்று வைத்தார்.

அவர் குசினி வாசலுக்கு வந்தபோது கையில் அந்தத் தகரம் இருந்தது. நீல நிற பிஸ்கட் தகரம். நிரஞ்சலாவுக்கு அதை நன்றாகத் தெரியும். அம்மாவின் இன்சுலின் தகரம். ஒன்பது வருடம், காலையும் மாலையும், அப்பாதான் அம்மாவுக்கு ஊசி போடுவார். தாதிமார் குத்தினால் முகத்தைச் சுளிக்கும் அம்மா, அப்பா குத்தும்போது கதைத்துக்கொண்டே இருப்பாள். உங்கட கை நோகிறதே இல்லை என்பாள்.

நல்ல கை. நோகிறதே இல்லை.

மாவுக்குள் கிடந்த அவளுடைய விரல்கள் அப்படியே நின்றன.

"உனக்குச் சொல்லேல்லை எண்டு கோவிக்காதை" என்றார் அப்பா. "தம்பிதான் அக்காவுக்குச் சொல்ல வேண்டாம், ஆஸ்பத்திரிக் கதை கதைப்பா எண்டவன். விட்டமின் ஊசி, பிள்ளை. வெளிநாட்டு மருந்து. செவ்வாயும் வெள்ளியும் நான்தான் போட்டு விடுறனான். அம்மாவுக்குப் போட்ட கை இன்னும் மறக்கேல்லை." அவர் வெட்கத்தோடு சிரித்தார். "அவன்ரை நோட்டைப் பார்த்தனீயே? மூண்டு மாசத்தில எப்பிடி ஏறியிருக்கு."

"அப்பா" என்றாள் அவள். 

"இண்டைக்கு வேண்டாமாம். இனியும் வேண்டாமாம். என்னத்துக்கெண்டும் சொல்லுறானில்லை. இப்ப பார், நான் இழுத்து வைச்ச பிறகுதான் ஃபோன் எடுக்கிறான்." தகரத்தின் மூடியை விலக்கினார். உள்ளே, அம்மாவின் பழைய பஞ்சுச் சுருளின் மேல், நிரப்பிய ஊசி ஒன்று கிடந்தது. அதற்குள் இருந்தது மஞ்சளாய், எண்ணெய் போல், விளக்கு வெளிச்சத்தில் அசையாமல் நின்றது. "விலையான சாமான். எறிய மனம் வரேல்லை. எனக்கும் அறுபதோட நிக்கிற எண்ணமில்லை. தம்பிக்கு ஏறினது எனக்குக் கொஞ்சமெண்டாலும் ஏறாதோ?"

அவர் தகரத்தைப் புட்டுப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார். திரும்பி நின்று, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்து, மறு கையால் சாரத்தின் ஓரத்தைக் கொஞ்சம் இளக்கினார். அம்மா நிற்பதைப் போலவே நின்றார்.

"என்ரை இடுப்புக்கு என்ரை கை எட்டாது. நீ நாள் முழுக்க ஊசி பிடிக்கிற பிள்ளைதானே. கையைக் கழுவிப்போட்டு வந்து ஒருக்காக் குத்தி விடன், நிரஞ்சி."